தொட்டித் தண்ணீரும் செய்முறை ஏடும்

மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் படிக்கும் மாணவர் மனித உடலைப் பற்றி அறிந்துகொள்வனவற்றுள் பெரும்பகுதி அச்செழுத்தின் வழியாகவே அவரை வந்தடைகிறது. தம் கையால் சோதித்து அறிபவை மிகச் சிலவே. அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதலும், அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதலும் இயங்கிவரும் பாளையங்கோட்டையை உள்ளடக்கிய திருநெல்வேலியும் இதற்கு விலக்கன்று. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என மதிப்பெண் பிரிக்கப்பட்டிருந்தாலும், மருத்துவப் படிப்புக்கு வாசலாக நிற்கும் நீட் தேர்வு செய்முறையைப் பற்றிக் கவலைப்படாததால், ரெக்கார்டு நோட்டை அடித்தல் திருத்தலின்றி எழுதிக் கையொப்பம் வாங்குவதே ஆய்வக வேலையின் முடிவு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

இதற்கு வசதிக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, அதாவது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் புரதம், எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனைக்குச் சோறு வடித்த கஞ்சியும், சிறிது அயோடினும், வெள்ளைப் பீங்கான் ஓடும், ஒரு கடிகாரமும் போதும். கஞ்சியில் உமிழ்நீரைக் கலந்து, அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து, ஓட்டில் வரிசையாக வைத்துள்ள அயோடின் சொட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டே போனால், முதலில் கருநீலமாகத் தோன்றும் நிறம் படிப்படியாகச் செம்பழுப்பாகி, ஒரு கட்டத்தில் அயோடினின் மஞ்சளோடு நின்றுவிடும். அந்தக் கட்டத்துக்குள் கஞ்சியில் மாவுச்சத்து தீர்ந்துவிட்டது என்று பொருள். சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரே மேசையில் ஒருவருக்குச் சில நிமிடங்களில் நீலம் மறைய, அடுத்தவருக்கு மணி அடிக்கும் வரை நீலம் நீலமாகவே நிற்கும். பிந்தியவர் தம் சோதனை ‘வரவில்லை’ என்று முடிவுகட்டி, முந்தியவரின் எண்ணைத் தம் ஏட்டில் எழுதிக்கொள்கிறார்.

அவர் அழித்த எண்ணில்தான் அறிவியல் இருந்தது. உமிழ்நீர் அமைலேசை உருவாக்கும் மரபணு எல்லாருடைய உயிரணுக்களிலும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை என்பதும், மாவுச்சத்து மிகுந்த உணவை வழிவழியாக உண்டுவந்த மக்களிடம் அதன் பிரதிகள் சராசரியாகக் கூடுதலாக உள்ளன என்பதும் 2007-இல் வெளியான ஆய்வொன்றின் முடிவுகள். பள்ளி மேசையில் தெரியும் வேறுபாட்டுக்கு மரபணுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கஞ்சி கெட்டியாக இருந்திருக்கலாம், உமிழ்நீர் அளவு குறைந்திருக்கலாம், வாய் கொப்பளிக்காமல் வந்திருக்கலாம். ஆனால், இவற்றுள் எது காரணம் என்று பிரித்தறிய ஒரே பானைக் கஞ்சியை எல்லாருக்கும் அளந்து ஊற்றி, மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் முறைக்கு மாணவர் தாமாகவே வந்து சேர்வார். கட்டுப்பாட்டுச் சோதனை என்று பாடநூல் ஒரு வரியில் சொல்லிச் செல்வது இதைத்தான். அடுத்தவரின் எண்ணைப் பார்த்தெழுதும் ஏட்டில் அதற்குத் தேவையே எழுவதில்லை.

திருநெல்வேலியின் கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கிவரும் மாவட்ட அறிவியல் மையம் இப்பகுதிப் பிள்ளைகளுக்கு அறிவியலைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்த இடம் என்பதில் ஐயமில்லை. இருப்பினும், பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரே விளைவைத் தரும் காட்சிப்பொருள் வியப்பைத் தரவல்லதேயன்றி, ஐயத்தைத் தரவல்லதன்று.

ஐயத்துக்கு இடம் தரும் ஆய்வகம் வீட்டின் புறவாசலிலேயே இருக்கிறது. 2012-இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது கடுமையாகப் பாதிக்கப்பட்டது திருநெல்வேலி மாவட்டம். அப்போது அம்மாவட்டத்தில் அடங்கி, 2019-க்குப் பின் தென்காசி மாவட்டத்துக்குரியதாகிவிட்ட கடையநல்லூரின் பெயர் அந்நாளில் செய்தித்தாள்களில் இடம்பெறாத நாள் குறைவு. வற்றாத ஆறு ஓடும் பள்ளத்தாக்காயினும், குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் தெருக்களில் சிமெண்டுத் தொட்டியும் டிரம்மும் குடமும் நிரம்பியே இருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்புவது இத்தகைய தெளிந்த தண்ணீரைத்தான். வாறுகாலின் அழுக்கு நீரில் முட்டையிடுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்னும் வேறு பேரினம். ஏடிஸின் முட்டைகள் தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டிக் கவிழ்ப்பதோடு நில்லாமல் சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டியிருக்கிறது.

தொட்டியிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்து, சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தாலே போதும். வால்முனையில் உள்ள சுவாசக் குழலை நீர்ப்பரப்பில் ஊன்றித் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும் கொசுப்புழு ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். குழல் குட்டையாகவும் தடித்தும் இருந்தால் ஏடிஸ், மெலிந்து நீண்டிருந்தால் கியூலெக்ஸ். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸின் புழுவுக்கு அக்குழல் இல்லாததால் அது நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக்கிடக்கும். அனாபிலிஸின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டபோது, அவருடைய நுண்ணோக்கியின் திருகாணிகள் வியர்வையில் துருப்பிடித்தும், கண்ணருகு வில்லை விரிசல்விட்டும் இருந்தன; கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் பங்கா இழுக்கவும் அவர் விடவில்லை. பூஞ்சை படர்ந்த வில்லையோடு அலமாரியில் பூட்டிக்கிடக்கும் பள்ளி நுண்ணோக்கிகள் அதைவிட மோசமான நிலையில் இருப்பதற்கில்லை.

புழுவை அடையாளம் காண்பது தொடக்கமே. எண்ணுவதில்தான் மருத்துவ அறிவியல் பொது நலத்தோடு வந்து சேர்கிறது. பார்த்த நூறு வீடுகளில் எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்பது வீட்டுக் குறியீடு. அந்த நூறு வீடுகளில் புழு இருந்த கலன்கள் மொத்தம் எத்தனை என்பது பிரிட்டோ குறியீடு. ஒரே வீட்டில் தொட்டி, ஆட்டுரல், தேங்காய்ச் சிரட்டை என மூன்றிலும் புழு நெளிந்தால் முதற்குறியீடு ஒன்று மட்டுமே கூடும். இரண்டாவது மூன்று கூடும். ஆகவே ஒரே தெருவை ஒரு கணக்கு அமைதியாகவும் மற்றொன்று ஆபத்தாகவும் காட்டக்கூடும். எந்த எண்ணை நம்புவது என்று வகுப்பறையில் வாதிடுவதற்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, பிள்ளைகள் தம் ஊரின் சிக்கலொன்றை எடுத்துக் குழுவாக ஆராயவேண்டும் எனக் கேட்பதால், இத்தகைய கணக்கெடுப்புக்கு அங்கே இடமும் உண்டு.

ஆனால் அடுத்த வீட்டுப் புறவாசலுக்குள் நுழைய அனுமதி வேண்டும். வீட்டுக்கார ஆச்சி முதலில் கேட்பது “இத யாருட்ட சொல்லுவிய?” என்பதாகவே இருக்கும், நகராட்சியிலிருந்து வந்து அபராதம் போட்டுவிடுவார்களோ என்ற அச்சம் அதில் உண்டு. நோக்கத்தை விளக்கிச் சொல்வதும், மறுத்தால் வற்புறுத்தாமல் திரும்புவதும், ஏட்டில் பெயருக்கும் கதவிலக்கத்துக்கும் பதிலாக வரிசை எண்ணை மட்டும் எழுதுவதும் மருத்துவ ஆய்வாளர்கள் பின்பற்றும் ஒப்புதல் நெறியின் அடிப்படைகள். திருப்பி அனுப்பிய வீடுகளையும் தனியாகக் குறித்துக்கொள்ளவேண்டும். மூடிய கதவுகள் எத்தனை என்று தெரியாமல் வீட்டுக் குறியீட்டை நம்ப வழியில்லை.