தெற்றுப்பல்

சில மாதங்களுக்கு முன்னர் கிளிநொச்சியில், நண்பரொருவரின் மகன் நடத்தும் ஸ்ரூடியோவில் அமர்ந்திருந்தேன். வயதான தாயொருவர் வந்து, பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்த சிறு படமொன்றை மேசையில் வைத்தார். இறுதி யுத்தத்தின்போது காணாமலாக்கப்பட்ட மகனின் படம். 2009இல் நந்திக்கடலைக் கடந்தபோது நனைந்து, ஒரு கன்னத்தில் கறை படிந்திருந்தது.

"தம்பி, கொஞ்சம் பெருப்பிச்சுத் தெளிவாக்கித் தாங்கோ."

அந்த இளைஞர் படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் ஏற்றினார். ஒரு நிமிடத்துக்குள் கறை மறைந்தது; நிறம் ஏறியது; சிரித்த முகத்துடன் ஒரு வாலிபன் திரையில் தோன்றினான். நான் வாய்விட்டுப் பாராட்டினேன். அந்தத் தாய் மட்டும் நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு தம்பி. ஆனால் என்ர பிள்ளைக்கு மேல்வரிசையிலை ஒரு தெத்துப்பல் எல்லோ? இது ஆரோ வேற பெடியன்."

மூலப்படத்தை வாங்கி உற்றுப் பார்த்தேன். பல் அங்கே இருந்தது. பல்வரிசையை அழகாக்குவதாக எண்ணி, கணினி அதை நேராக்கிவிட்டிருந்தது.

தொழில்நுட்பத்தைக் கண்டு அஞ்சுபவனல்லன் நான். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவின் உதவியால் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. புதிய கருவி ஒவ்வொன்றையும் இரு கை நீட்டி வரவேற்றே பழகியிருக்கிறோம்.

2009இன் முதல் மாதங்களில், சுதந்திர ஊடகவியலாளர்கள் வன்னிப் போர்க்களத்துக்குள் நுழைய முடியாதிருந்தபோது, எமக்காகச் சாட்சி சொன்னவையும் கருவிகளே. அவ்வாண்டு மே 6, மே 10 ஆகிய இரு நாள்களின் செய்மதிப் படங்களை அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் ஒப்பிட்டு ஆராய்ந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 25 அன்று, கைகள் கட்டப்பட்டு ஆடை களையப்பட்ட மனிதர்கள் சுட்டுக்கொல்லப்படும் காணொளியொன்றை பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட காணொளி அது. போலி என்றது அன்றைய இலங்கை அரசு. ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்ரன், தடயவியல் மருத்துவர், காணொளி ஆய்வாளர், துப்பாக்கி நிபுணர் என மூவரைக் கொண்டு அதனை ஆராய்வித்தார். காணொளி உண்மையானதென்றே அவர்களின் முடிவுகள் வலுவாகச் சுட்டுவதாக 2010 ஜனவரியில் அறிவித்தார்.

'போலி' என்ற ஒரு சொல்லுக்குப் பதில் கூறவே நான்கு மாதங்களுக்கு மேல் சென்றன. அன்று அப்படியொரு காணொளியைப் பொய்யாக உருவாக்குவது பெரும்பாடு. இன்று கையிலுள்ள தொலைபேசியே போதும். ஆகவே இனி மெய்யான சாட்சியத்தையும் 'கணினி செய்தது' என்று தள்ளிவிடுவது எளிது. நாமே நம் படங்களைக் கணினியிடம் கொடுத்துத் திருத்திவிட்டால், மறுப்பவர்களுக்கு வேலையே இராது.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தைத் தொடங்கிய உறவுகளின் கைகளில் இருந்தவை இத்தகைய படங்கள்தாம். 2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில், நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. எச்சங்களை அடையாளம் காணும் பணியில் பற்களுக்குத் தனியிடம் உண்டு. ஒரு தெற்றுப்பல், என்றோ ஒருநாள் ஒரு தாயின் கேள்விக்கு விடையாகக்கூடும். அதைத்தான் அந்த மென்பொருள் ஒரு நிமிடத்தில் அழித்தது. பல ஆண்டுகள் செய்தி சரிபார்த்துப் பிழைத்தவனான நானோ அதைக் கவனியாமல் கைதட்டினேன்.

அந்த இளைஞர் வெட்கப்பட்டுப்போனார். மூலப்படத்தை எந்தத் திருத்தமுமின்றி ஸ்கான் செய்து, இரண்டு இடங்களில் சேமித்து, கறையோடு அப்படியே பெருப்பித்துக் கொடுத்தார். அந்தத் தாய் அதை மட்டும் வாங்கிச் சென்றார்.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுமாரிகளிலும் இத்தகைய படங்கள் இருக்கும். அவற்றுக்கு நிறமூட்டுங்கள், பேச வையுங்கள். உங்கள் ஏக்கத்தை நான் குறைசொல்லேன். ஆனால் அதற்கு முன்னர் மூலத்தை உள்ளபடியே பிரதி எடுத்து, திகதியும் விபரமும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கணினி தீட்டிய படத்தில் அது கணினி தீட்டியது என்று எழுதி வையுங்கள். இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.