கழிமுகத்துக்கு ஏற்ற கோலும் ரீலும்

கடலோர நீரில் தூண்டில் போட ஆசைப்படுகிறவர் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கையில் எடுப்பது கோலைத்தான். அதன் மெருகையும் வளைவையும் கண்டு மனம் மயங்கி, ரீலைப் பிற்பாடு ஏதோ உபரிச் சாமானாக அதனோடு சேர்த்துக்கொள்கிறார். என் அபிப்பிராயத்தில் இந்த வரிசை தலைகீழானது. எந்த நீர், எந்த மீன், எவ்வளவு கனமுள்ள இரை என்பவை நிச்சயமான பிறகு நரம்பையும், அந்த நரம்புக்கு ஏற்ற ரீலையும், கடைசியாகக் கோலையும் தேர்ந்துகொள்வதே உசிதம்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தையும், அங்கே தூண்டில்காரர் நாடும் கொடுவாவையும் எடுத்துக்கொள்வோம். கலங்கல் நீரில் கல்லோரத்திலும் கண்டல் வேரோரத்திலும் பதுங்கியிருந்து, வற்றத்தின் வேகத்தில் சிறு மீன்கள் அடித்துவரப்படும் சமயத்தில் பாய்ந்து விழுங்கும் இந்த மீன், முள் தைத்த மாத்திரத்தில் நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். அதில் விடுபடாவிட்டால் வேர்களை நோக்கித் திரும்பி ஓடும். இதன் செவுள் மூடியின் விளிம்பு மெல்லிய நரம்பை அறுக்கும் கூர்மையுடையது. ஆகையால் பின்னல் நூலின் நுனியில் அரைப் பாகம் நீளத்துக்குத் தடித்த தங்கூசியை முடிந்துகொள்வது அவசியம்.

இங்கே எறியும் போலி இரை பெரும்பாலும் 20 கிராமை ஒட்டியதே. அவ்வளவு இலேசான பொருளைத் தொலைவுக்கு எறிவது பழைய ரீல்களில் பிரயாசையான காரியம். எறிந்த இரையே உருளையைச் சுழற்றிக்கொண்டு நரம்பை இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் பிராட்போர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905-இல் காப்புரிமை பெற்ற ரீலில் உருளை அசையாமல் நிற்க, அதன் முகப்பின் வழியே நரம்பு சுருள் சுருளாகக் கழன்றோடியது. இன்று நம் கடைகளில் 3000, 4000 என்று எண்ணிட்டு விற்கும் ஸ்பின்னிங் ரீல்கள் யாவும் அந்த யுக்தியின் சந்ததிகளே. கழிமுகத்துக்கு இந்த அளவே போதுமானது.

ரீலில் நான் முக்கியமாகக் கருதுவது டிராக் ஒன்றைத்தான். கைத்தூண்டில் போடும் நம் மீனவர், பெரிய மீன் இழுக்கையில் நரம்பை இறுகப் பிடிக்காமலும் முற்றிலும் விட்டுவிடாமலும் விரலிடுக்கில் உராயவிட்டு அதன் பலத்தைக் கரைக்கிறாரே, அந்த விரல்களின் வேலையை உருளைக்குள் அடுக்கியிருக்கும் வட்டத் தகடுகள் செய்கின்றன. மலிவான ரீலில் அவை முதலில் பற்றிக்கொண்டு, பிறகு வெடுக்கென்று விடும். அந்த ஒரு கணத்தில்தான் நரம்பு அறுகிறது. 10 கிலோ தாங்கும் நரம்பானால் சுமார் 3 கிலோ இழுப்பில் அது நழுவும்படி திருகி வைக்க வேண்டும். கையால் இழுத்து ஊகிப்பதைவிட, நுனியை ஒரு வில் தராசில் மாட்டிப் பார்த்துவிடுவது நிச்சயமான வழி.

கடையில் பலரும் கவனியாத இன்னொரு உறுப்பு, நரம்பு திரும்பிச் செல்லும் இடத்திலுள்ள சிற்றுருளை. சுண்டுவிரல் நகமளவே உள்ள அதனுள் உப்பு புகுந்து இறுகிவிட்டால் அது சுழலாமல் நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு இழுப்பிலும் நரம்பு அதன்மேல் உரசித் தேய்ந்து, வெளிப்பார்வைக்குக் குறையின்றி இருந்தபடியே வலுவிழந்துபோகும். வாங்கும்போது இதை விரலால் உருட்டிப் பார்ப்பது நல்லது.

கோலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. படகிலிருந்து எறிவதற்கு 7 அடி, கரையிலிருந்து எறிவதற்கு 8 அல்லது 9 அடி. நுனி இளகியும், வேர்களினின்று மீனைத் திருப்பும் அடிப்பாகம் உறுதியாகவும் இருக்க வேண்டும். கார்பன் கோல் இலேசானது, மீனின் சிறு தொடுகையையும் கைக்கு உணர்த்துவது. ஆனால் படகின் விளிம்பில் ஒருமுறை மோதினால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் காயத்திலேயே பிற்பாடு முறியக்கூடும். கண்ணாடியிழைக் கோல் கனமானாலும் அடி தாங்கும். பழகுகிறவருக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வது பின்னதைத்தான். அதில் மிச்சப்படும் பணத்தையும் ரீலிலேயே போடலாம்.

வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கிக்கொண்டு, நன்னீரை மெல்ல ஊற்றிக் கழுவ வேண்டும். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினால் வெளியிலுள்ள உப்பு உள்ளே போய்விடும். ஈரம் உலர்ந்த பின் டிராக்கைத் தளர்த்தி வைத்தால், அடுத்த பருவம் வரையிலும் தகடுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும்.