செங்கல்பட்டுப் பையனின் பாரிஸ் ஆண்டுகள்

1953, சென்னை

செங்கல்பட்டு வக்கீல் வீட்டுப் பிள்ளை சி.எஸ்.சேஷாத்ரி லயோலா கல்லூரியில் கணித ஆனர்ஸ் முடிக்கிறார். உடன் படித்தவர் தண்டரை கிராமத்து விவசாயக் குடும்பத்து எம்.எஸ்.நரசிம்மன். இருவருக்கும் ஆசிரியர் பிரெஞ்சுப் பாதிரியார் ராசீன். பாரிஸில் கணிதவியலாளர் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்தவர். பாடத்திட்டத்தில் இல்லாத புதுக் கணிதத்தைக் காட்டியவர் அவர்தான். அவர் சொல்லித்தான் இருவரும் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

1957, பாரிஸ்

இருவரும் பிரான்ஸ் வந்துவிட்டார்கள். ஷ்வார்ட்ஸ், செர், செவாலே என்று பெயரளவில் தெரிந்த கணிதவியலாளர்கள் எல்லாம் இப்போது நேரில். இங்கே கருத்தரங்கு என்றால் கேட்டுவிட்டுப் போவதோடு முடியாது. முறை வந்தால் தானே பலகை முன் நின்று விளக்க வேண்டும். 1958–59 செவாலே கருத்தரங்கின் அச்சுத் தொகுப்பில் சேஷாத்ரி பிரெஞ்சில் அளித்த உரை இருக்கிறது.

1958

ஒரு காகிதப் பட்டையை முறுக்கி ஒட்டினால் மோபியஸ் பட்டை கிடைக்கும். பல்லுறுப்புக் கோவைகளின் உலகில் அப்படியொரு முறுக்கு வர இடமுண்டா? 1955இல் செர் எழுப்பிய கேள்வியின் சாரம் இதுதான். இரண்டு மாறிகள் இருக்கும்போது வராது என்று நிரூபித்துக் கட்டுரை வெளியிடுகிறார் சேஷாத்ரி. எத்தனை மாறிகளானாலும் வராது என்று குயில்லனும் சுஸ்லினும் தனித்தனியே நிரூபிக்க 1976 ஆயிற்று.

மருத்துவமனை

நரசிம்மனுக்கு நுரையீரல் உறையில் அழற்சி, மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். உண்மையான பிரான்ஸ் தெரிந்தது அங்கேதான் என்பது பின்னாளில் அவரே சொன்னது. ஜப்பானியக் கணிதவியலாளர் கொத்தாகேயோடு அவர் சேர்ந்து உழைத்ததும் இந்தப் பாரிஸ் ஆண்டுகளில்தான்.

1965, பம்பாய்

நாடு திரும்பிய இருவரின் பெயரையும் தாங்கி நிற்கும் நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் வெளியாகிறது.

2005, சிறுசேரி

சேஷாத்ரி 1989இல் தொடங்கிய சென்னை கணிதவியல் கழகம் சொந்த வளாகத்துக்கு வருகிறது. அதன் மாணவர்களில் சிலர் கோடையில் பாரிஸின் எக்கோல் நார்மால் சுப்பீரியருக்குப் போகிறார்கள். அங்கிருந்தும் மாணவர்கள் சிறுசேரிக்கு வருகிறார்கள்.

இன்று, பிரெஞ்சு ரெனோ கார்கள் உருவாகும் ஒரகடத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் பிரான்ஸ் படிப்பு என்றால் கட்டணம், விசா, வேலை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதோடு, பிள்ளை அங்கே யாரிடம் கற்கப்போகிறது என்றும் விசாரிக்க வேண்டும். சேஷாத்ரியின் கழகம் இருக்கும் சிறுசேரி அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதன் பி.எஸ்சி. சேர்க்கைக்கு ஆண்டுதோறும் நுழைவுத்தேர்வு நடக்கிறது. பிளஸ் டூ பிள்ளைகள் எழுதலாம்.