வணிகவியலும் உளவியலும்

ஞாயிறு திருப்பலி முடிந்து அம்பத்தூரிலுள்ள எங்கள் இல்லம் திரும்புகையில், "வணிகவியலோடு உளவியல் பட்டமும் படிக்கட்டுமா, அப்பா?" என்றாள் மகள். "ஆற்றிலொரு கால், சேற்றிலொரு கால் என்றாகிவிடாதா?" என்று கடிந்துகொண்டேன்.

அவளோ விவரம் அறிந்தே கேட்டிருக்கிறாள். ஒரே காலத்தில் இரு பட்டப் படிப்புகளைப் பயிலப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் இசைவளித்துவிட்டது. இரண்டையும் நேரில் பயில்வதாயின் வகுப்பு நேரங்கள் மோதலாகாது. அன்றேல் ஒன்றைத் தொலைநிலைக் கல்வியில் பயிலலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் இளங்கலை உண்டு. கட்டணமும் தேர்வும் இரட்டிப்பு என்பது வேறு செய்தி!

அன்றிரவு செபமாலையில் மனம் ஒன்றவில்லை. தொழிற்பேட்டைப் பட்டறையொன்றில் நான் மேற்பார்வையாளனாயிருந்தபோது, அடிக்கடி தாமதமாய் வந்த கடைசல் தொழிலாளி ஒருவரின் சம்பளத்தில் பிடித்தம் செய்தேன். காரணம் கேட்டேனில்லை. வருகைப் பதிவேடு சரியாகவே இருந்தது. அவர் மனைவி நோயுற்றுக் கிடந்ததை, அவர் வேலையை விட்டு நீங்கிய பின்னரே அறிந்தேன். அவருக்கு மாற்றாக ஒருவரைப் பழக்க எத்தனை மாதங்களாயின! அந்த நட்டம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

உளவியலாளரான டேனியல் கானமன் 2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றாராம். மனிதர் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்தவர். இதுவும் மகள் சொல்லித்தான் தெரியும்.

காலையில் காபி கொணர்ந்தவளிடம், விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன்.