விலாங்கை யார் எண்ணுறது?

அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் பானவில் அணையில் மீன் ஏறப் படிக்கட்டு உண்டு. கண்ணாடி ஜன்னல் வழியா பாத்து சால்மனை ஒவ்வொண்ணா எண்றாங்க. அந்த வீடியோவைத் தாத்தாவிடம் காட்டினேன்.

"ஏல, நம்ம ஆத்து விலாங்கை எவம்ல எண்ணுதான்?"

சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளரும். விலாங்கு அப்படியே உல்டா. கடலில் பிறந்த குட்டி தாமிரபரணியில் ஏறி தச்சநல்லூர் பக்கம் வரவே ஸ்ரீவைகுண்டம், மருதூர்னு ரெண்டு அணைக்கட்டு தாண்டணும். பாபநாசம் வரைக்கும்னா எட்டு! வளர்ந்ததும் முட்டையிட மறுபடி கடலுக்கே போகணும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை மாத்திட்டேன்: மீன் எண்ணும் கேமரா. சிக்கல் என்னன்னா, மாடலுக்குக் கத்துக்கொடுக்க நம்ம ஆத்து விலாங்கு படம் வேணும். நான் இதுவரை ஒண்ணுகூடப் பாத்ததில்லை. தாத்தா பரண்ல தூண்டிலைத் தேடிக்கிட்டு இருக்கார்.