ஓடு வேய்கிறார்கள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர். 2017 கோடை. எட்டாம் ஹென்றியும் ஆன் போலினும் 1535-இல் வந்து தங்கிய ‘தி வைன்’ மாளிகையைச் சுற்றிலும் சாரம். மழை மறைக்க உச்சியில் தற்காலிகக் கொட்டகை. அதற்கடியில், ஓட்டு மட்டத்தில், வீட்டை முழுதாகச் சுற்றிவர ஒரு நடைபாதை. பார்க்க வந்தவர்கள் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார்கள்.

எதிரே ஒருவர் முழங்காலூன்றி ஓடு வேய்கிறார். ஓட்டின் மேல்விளிம்பில் இரண்டு சிறு புடைப்புகள். அவை ரீப்பரில் மாட்டிக்கொள்கின்றன. அடுத்த வரிசை முந்தியதைப் பாதிக்கு மேல் மூடுகிறது. மழைத்துளி எங்கே விழுந்தாலும் அடியில் இரண்டு ஓடாவது இருக்கும். ஓர் ஓட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கிறார்; லேசான வளைவு. அந்த வளைவு விடும் சந்தில்தான் காற்று நுழைந்து மரத்தை உலர்த்தும். எல்லாம் கையால் செய்தவை. மொத்தம் 71,000.

கூடல்வாயில் இன்னொருவர். ஈயத்தகட்டைக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டிப் படிய வைக்கிறார். ஈயம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஒரே நீளமாகப் போட்டால் நாளடைவில் வெடித்துவிடும். அதனால் துண்டு துண்டாக, படி வைத்துப் போடுகிறார். ஒரு மூலை மடிவதற்கு எத்தனை தட்டு! அவர் கை அவசரமே அறியாதது.

2013–14 குளிர்காலப் புயல்கள் இந்தக் கூரையை உலுக்கிவிட்டன. ஓடுகள் பெயர்ந்தன, புகைபோக்கிகள் விரிசல் விட்டன, நீர் உள்ளே இறங்கியது. அந்த நீருக்குக் கீழேதான் ஓக் கூடம் இருக்கிறது. நீண்ட சுவர் முழுக்க, துணிமடிப்புப்போலச் செதுக்கிய 16-ஆம் நூற்றாண்டுப் பலகைகள். ஒருமுறை ஊறிக் கெட்டால் அந்தக் கைவேலையைத் திரும்பச் செய்துவிடலாம். அந்தக் கைகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

செலவு 54 லட்சம் பவுண்டு. ஓவியத்துக்கும் நாற்காலிக்கும் கொடுக்க யாருக்கும் மனம் வரும். ஓட்டுக்கு வருவது அரிது, கண்ணில் படாத பொருள் அல்லவா? அந்தக் குறையைத்தான் இந்த நடைபாதை தீர்க்கிறது. பேசிக்கொண்டே ஏறுகிறவர்கள் ஈயம் தட்டுமிடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள். முதியவர் ஒருவர் கம்பியில் சாய்ந்து, ஒரு வரிசை முடியும்வரை நகரவில்லை. இதைவிட நல்ல கண்காட்சியை அந்த வீட்டில் வேறெந்த அறையிலும் வைத்திருக்க முடியாது.

பழைய வீடு எந்த ஊரில் இருந்தாலும், உள்ளே போகுமுன் நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். உண்டியலில் போடுவதை ‘ஓட்டுக்கு’ என்று சொல்லிப் போடுங்கள்.