‘வயிறு வலிக்குதும்மா!’

ராத்திரி 2 மணி. பிளஸ் ஒன் படிக்கும் மகன் அடிவயிற்றைப் பிடித்தபடி எழுந்தான். இரண்டு முறை வாந்தி. ‘வயிறு வலிக்குதும்மா’ என்றதும் அம்மா ஓம வாட்டர் கொடுத்தார்.

வலி உண்மையில் விதைப்பையில். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? 4 மணிக்கு அப்பாவின் காதில் மட்டும் சொன்னான். ‘விடியட்டும்’ என்று சொல்லாமல் அவர் உடனே பைக்கை எடுத்தாரே, அதுதான் பெரிய விஷயம்.

விதை சுழன்று, அதற்குப் போகும் ரத்தக்குழாய் முறுக்கிக்கொண்டால் திடீரென இப்படி வலிக்கும். வளரிளம் பருவத்தில்தான் அதிகம். சுமார் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தாமதித்தால் விதையையே எடுக்க வேண்டியிருக்கும்.

இவனுக்குத் தப்பியது. இன்னொரு பக்கமும் பின்னாளில் முறுக்காமலிருக்க, டாக்டர் அதற்கும் சேர்த்துத் தையல் போட்டார்.

‘என்கிட்ட சொல்ல என்னடா வெட்கம்?’ என்று வார்டில் அம்மா கேட்டார். அவன் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டான்.